ஆணுக்கு ஏது வயசு?

‘மலடி’க்கு ஆண்பால் என்ன என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட ‘மலடன்’ என்று சொல்லிவிடும். அகராதியிலும் இருக்கிறது. ஆனால், கல்யாணப் பந்தியிலோ துட்டி வீட்டுத் திண்ணையிலோ அந்தச் சொல்லை யாராவது சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? மொழி பொய் சொல்லாது. அதைப் பேசுகிறவர்கள் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். கல் நாகர்களுக்குப் பால் ஊற்றி, மஞ்சள் தூவி நிற்பவர்களில் பெண்களே அதிகம். சாமியிடம் கேட்பதில் எனக்குப் புகார் இல்லை. விரதம் அவளுக்கு, பத்தியம் அவளுக்கு, ஸ்கேனும் ஊசியும் அவளுக்கு என்பதில்தான் புகார். மருமகனையோ மகனையோ பற்றிப் பேச்சு வந்தால், “அவனுக்கென்ன கொறை, ஆனை கணக்கால்லா இருக்கான்” என்பார்கள். அந்த ஆனைக் கணக்கே குறையாக இருக்கலாம் என்று சொல்ல ஊரில் ஆளில்லை.

பெண் பார்க்கும் சந்தையைக் கவனியுங்கள். பெண்ணுக்கு 27 என்றால் ‘வயசு கூடிப்போச்சு’. பையனுக்கு 37 என்றால் ‘பொறுப்பான பய, தங்கச்சிமாரைக் கரையேத்திட்டுல்லா நிக்கான்’. அவள் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் ‘தடிச்சி’. அவனுக்குத் தொப்பை சரிந்தால் ‘சாப்பாட்டுக்குக் குறைவில்லாத வீடு’. கவிமணி ‘மருமக்கள்வழி மான்மியம்’ எழுதி நூறு வருஷம் தாண்டிவிட்டது. ஐந்தாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவள் வாயால் அந்தக் கதையைச் சொல்லவைத்தார் அவர். மருமக்கள்வழி போய்விட்டது. ஆணுக்கு வயசே இல்லை என்ற நினைப்பு போகவில்லை.

மருத்துவம் சொல்வது வேறு. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் விஷயத்தில், தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ, ஆணின் பங்கு இருக்கிறது. கொழுப்பு என்பது சும்மா தொங்கும் சதை அல்ல. டெஸ்டோஸ்டிரானை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் பட்டறை அது. ஈஸ்ட்ரோஜன் கூடினால், விந்தணு உற்பத்திக்கு மூளை போடும் உத்தரவு குறையும். விதைகள் உடம்புக்கு வெளியே இருப்பதே உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவு வேண்டும் என்பதற்காகத்தான். தொடையும் அடிவயிறும் சதை போட்டு மூடினால் சூடு எப்படித் தணியும்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள ஆண்களில் நூற்றுக்கு 37 பேர் அதிக எடைக்காரர்கள். குண்டானவனுக்கெல்லாம் பிள்ளை பிறக்காது என்பதில்லை. ஒல்லியானவனுக்கும் குறை இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும்?

வயசுக்கு வருவோம். “எங்க பெரியப்பா அறுபதுல பெத்தாரு” என்று வீட்டுக்கு ஒரு கதை உண்டு. வாஸ்தவம், ஆணுக்குக் கதவு ஒரேயடியாகச் சாத்துவதில்லை. ஆனால், மெல்ல மெல்லச் சாய்கிறது. நாற்பதுக்கு மேல் விந்தின் அளவும் அணுக்களின் ஓட்டமும் குறைகின்றன. மரபுச் சரடு உடைந்த அணுக்கள் கூடுகின்றன. கரு தங்க நாளாகும், கலையும் வாய்ப்பும் கூடும். குழந்தை உண்டாகத் தம்பதிகளுக்கு உதவும் சிகிச்சை பற்றிய 2021-ம் வருஷச் சட்டம், பெண்ணுக்கு 50 என்றால் ஆணுக்கு 55 என்று வரம்பு போட்டிருக்கிறது. சட்டத்துக்குத் தெரிந்தது சம்பந்திக்குத் தெரியவில்லை.

நம் மாவட்டத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்றுண்டு. வளைகுடாவில் வேலை. கல்யாணம் முடிந்து 45 நாளில் விமானம். இரண்டு வருஷம் கழித்து இரண்டு மாச லீவு. அது முடியுமுன்னே ஊர் கேட்கும், “ரெண்டு வருசம் தாண்டிட்டே, விசேஷம் ஒண்ணும் இல்லியா பிள்ளே?” அவர்கள் சேர்ந்து வாழ்ந்ததே மூன்றரை மாசம்! ஒரு வருஷம் ஒன்றாக வாழ்ந்தும் உண்டாகவில்லை என்றால்தான் பொதுவாக மருத்துவர்கள் அதைக் குறை என்று கணக்கில் எடுக்கிறார்கள்.

இத்தனைக்கும் பரிசோதனை எளிது. பெண்ணுக்கு என்றால் மயக்கம் கொடுத்து, வயிற்றில் துளைபோட்டுக் கருவி விட்டுப் பார்ப்பதுவரை போகும். ஆணுக்கு வேண்டியது ஒரு சின்ன டப்பா, கொஞ்ச நேரம், கொஞ்சம் வெட்கத்தை விடுதல். ஆனால், அவன் லேகியக்காரனிடம் போவான், லாட்ஜில் முகாம் போடும் வைத்தியரிடம் போவான். சில இளவட்டங்கள் ஜிம்மில் சதை ஏற்ற டெஸ்டோஸ்டிரான் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து அது உள்ளே போனால், உடம்பு விந்தணு உற்பத்தியைக் குறைக்கும், நிறுத்தியும் விடும். ஆண்மை வேறு, விந்தணு வேறு. படுக்கையில் குறை இல்லாதவனுக்கும் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம்; அதில் மானம் போக ஒன்றுமில்லை.

நல்ல சேதியும் உண்டு. ஒரு விந்தணு உருவாகி முற்ற ஏறத்தாழ இரண்டரை மாசம். கன்னிப்பூ நெல் விளையக்கூட அதைவிட நாளாகும். எடையைக் குறைத்து, சிகரெட்டை விட்டு, குடியை நிறுத்தினால் அடுத்த விளைச்சல் மேலாகப் பலருக்கு வழியுண்டு. விதைப்பையில் நரம்பு புடைத்திருந்தால் அதற்கும் வைத்தியம் இருக்கிறது. ஆனால், போன வயசு திரும்பாது. ஆகவே, முதல் சோதனையே இருவருக்கும் சேர்த்து என்பதுதான் நியாயம்.

அடுத்த தடவை கல்யாண வீட்டில் ஒரு பெண்ணிடம் ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்க நாக்கு துருதுருத்தால், கொஞ்சம் பொறுங்கள். பக்கத்தில் நிற்கும் புருஷனிடம், “டெஸ்ட் எடுத்தியாடே?” என்று கேட்க முடியுமா உங்களால்? முடியாதென்றால், அவளிடமும் கேட்காதீர்கள்.