புரட்சிக் காலப் பிரசங்கங்களும் ரோமர் 13-ஆம் அதிகாரமும்

அரசு கவிழும் காலத்தில் போதகர் எப்பக்கம் நிற்பது என்னும் வினாவுக்கு, ரோமர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தை விடையாகக் காட்டுவது திருச்சபையில் நெடுநாளைய வழக்கம். ஆயின் அவ்விடை எவ்வளவு எளிதில் இரு திறத்தார்க்கும் கருவியாகக் கூடும் என்பதற்கு, 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டிஷ் முடியாட்சியிலிருந்து பிரிந்த வரலாறு தக்க சான்றாகும். அக்காலத்துப் பிரசங்கங்கள் சிலவற்றை ஈண்டு ஆராய்வோம். எத்திறத்தார் வென்றனர் என்பதைவிட, வேதவாக்கியம் அவர்கள் கையில் என்னவாயிற்று என்பதே நாம் கேட்க வேண்டுவது.

காலத்தால் முந்தியது, பாஸ்டன் நகரின் மேற்கு ஆலயப் போதகர் ஜானத்தன் மேஹியூ 1750-இல் நிகழ்த்திய பிரசங்கம். 1649-இல் தலை வெட்டுண்டு மாண்ட முதலாம் சார்லஸ் மன்னரை இரத்தசாட்சியாகப் போற்றி, இங்கிலாந்துத் திருச்சபை ஆண்டுதோறும் ஒரு நாளை ஆசரித்துவந்தது. அப்போற்றுதலை மறுக்கவே மேஹியூ பேசினார். அவர் வாதம் இது: கீழ்ப்படிய வேண்டும் என்பதோடு பவுல் நின்றுவிடவில்லை; காரணமும் தருகிறார். ஆளுகிறவர்கள் நன்மை செய்வோரைக் காத்துத் தீமை செய்வோரைத் தண்டிக்கும் கடவுளின் பணியாளர்கள் என்பதே அக்காரணம். நன்மை செய்வோரை நசுக்குகிற ஆட்சியாளனுக்குக் காரணம் பொருந்தாது. ஆகவே கட்டளையும் பொருந்தாது. பித்துக்கொண்ட தகப்பன் பிள்ளைகளின் கழுத்தை அறுக்க வரும்போது, பெற்றோருக்குக் கீழ்ப்படிதல் என்னும் கட்டளையை எண்ணி அவர்கள் வாளாவிருக்க வேண்டுமோ என்றும் அவர் வினவினார்.

கட்டளையோடு அதன் காரணத்தையும் எடைபோட்டது இவ்விளக்கத்தின் சிறப்பு. ஆயினும் பவுல் உள்ளதாகக் கூறுவதை மேஹியூ நிபந்தனையாக மாற்றிவிடுகிறார். இந்நிருபம் ஏறத்தாழ கி.பி. 57-இல், நீரோவின் ஆட்சியில் எழுதப்பட்டது. கிலவுதியு இராயனால் ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்ட ஆக்கில்லாவோடும் பிரிஸ்கில்லாளோடும் கூடத் தொழில் செய்தவர் பவுல். கொடிய அரசு எத்தகையது என்பதை அறியாது அவர் எழுதினார் எனல் பொருந்தாது. மேலும், அரசன் எப்போது கொடுங்கோலனாகிறான் என்று தீர்ப்பவர் யார்? 1765-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், முத்திரைத்தாள் வரிக் கிளர்ச்சியின் நடுவே, கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தைக்கொண்டு மேஹியூ விடுதலையைப் பற்றிப் பிரசங்கித்தார். மறுநாள் இரவு துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் வீட்டை ஒரு கூட்டம் சூறையாடியது. பழி பிரசங்கியார்மேல் விழுந்தது. அவர் மனம் நொந்து, தாம் அத்தகைய செயலைத் தூண்டவில்லை என்று ஹட்சின்சனுக்கு எழுதினார். விடுதலையை மாம்சத்துக்கு ஏதுவாக்கலாகாது என்னும் எச்சரிக்கை அவர் எடுத்துக்கொண்ட வசனத்திலேயே இருந்தது. ஆனால் மக்கள் எப்பாதியைக் கேட்டுச் சென்றனர் என்பது பிரசங்கியார் வசத்தில் இல்லை.

எதிர்த்தரப்பில் நின்றவர் மேரிலாந்தின் ஆங்கிலிக்கன் குருவானவர் ஜானத்தன் பவுச்சர். 1775 ஜூலையில் பிலடெல்பியாவின் கிறிஸ்து ஆலயத்தில் ஜேக்கப் டுஷே என்னும் குருவானவர், கலாத்தியர் 5:1-ஐக் கொண்டு படைவீரருக்கு விடுதலையைப் போதித்தார். அதே வசனத்தைக்கொண்டு பவுச்சர் மறுமொழி கூறினார். பவுல் பேசும் விடுதலை பாவத்தினின்றும் யூதச் சடங்குகளினின்றும் பெறும் விடுதலை. அரசியல் விடுதலை அன்று என்றார். வேத விளக்கமாக இதுவே சரியானது. ஆனால் அங்கிருந்து, அரசு மக்களின் உடன்பாட்டில் பிறந்ததன்று, ஆதி தகப்பனின் ஆளுகையினின்று இறங்கியது என்று நிலைநாட்டப் புகுந்தபோது, 17-ஆம் நூற்றாண்டின் ராபர்ட் ஃபில்மருடைய தத்துவமே அவருக்குத் துணையாயிற்று; பவுல் பின்தங்கிவிட்டார். இப்பிரசங்கம் 1797-இல்தான் இலண்டனில் அச்சேறியது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 22 ஆண்டுகளுக்குமுன் பிரசங்க பீடத்தில் ஒலித்தது அப்படியே இதுதான் என்று கொள்வதற்கில்லை. ஆயுதமின்றிப் பாடுபடுதலைப் போதித்த அவர், குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கிகளை அருகில் வைத்துக்கொண்டே பல மாதங்கள் பிரசங்கித்ததாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருப்பதும் சிந்திக்கத்தக்கது.

இவ்வாதம் நூலோடு முடியவில்லை. ஆங்கிலிக்கன் குருக்கள் அரசனுக்கு உண்மையாயிருப்பதாக ஆணையிட்டு அபிஷேகம் பெற்றவர்கள். ஜெபப் புத்தகமோ அரசனுக்காக மன்றாடப் பணித்தது. 1776 ஜூலைக்குப்பின் அம்மன்றாட்டே இராஜதுரோகமாயிற்று. ஆணையைக் காப்பதா, மந்தையோடு இருப்பதா எனத் தவித்துப் பலர் ஆலயங்களை மூடினர். டுஷேயின் ஆலயக் குழுவோ ஜூலை 4-ஆம் நாளன்றே அரசனின் பெயரை ஜெபத்தினின்று நீக்கியது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் படை நகரைக் கைப்பற்றியதும் டுஷே தளர்ந்தார். விடுதலை அறிக்கையைத் திரும்பப் பெறச் செய்யுமாறு 1777 அக்டோபரில் வாஷிங்டனுக்கு எழுதினார். அவரைக் கோழையென்று தள்ளுவது எளிது. நாம் கவனிப்பது வேறு. அதிகாரத்திலுள்ள யாவருக்காகவும் செய்யப்பட வேண்டிய ஜெபம், ஒருவர் எப்பக்கத்தார் என்பதைக் காட்டும் அடையாளமாகச் சுருங்கிவிட்டது.

பவுலிடமே திரும்புவோம். ரோமர் 13-இல் அவர் ஆளும் சொல் ஹுப்போடாஸ்ஸோ. ஒழுங்கில் தன் இடத்தை ஏற்று உட்பட்டிருத்தல் என்பது அதன் பொருள். பிள்ளைகள் பெற்றோர் சொற்கேட்பதைக் குறிக்க அவர் ஆளும் ஹுப்பாகூவோ என்னும் சொல் ஈண்டு இல்லை. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டையும் 'கீழ்ப்படிதல்' என்றே தருவதால் இவ்வேறுபாடு நம் சபையாருக்குத் தோன்றுவதில்லை. உட்பட்டிருப்பவன் இடப்பட்ட கட்டளை அனைத்தையும் செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. செய்ய மறுத்து, அதற்குரிய தண்டனையை ஏற்பதும் உட்பட்டிருத்தலே. இப்பகுதிக்கு முன் தீமையை நன்மையினால் வெல்லுதலும், பின் அன்பே தீராத கடன் என்பதும் நிற்கின்றன. இவ்விரு கரைகளுக்கு நடுவே ஓடும் ஆற்றை மேஹியூவும் பவுச்சரும் தத்தம் வயலுக்கு வாய்க்கால் வெட்டித் திருப்பினர்.

வேறொரு வழியும் இருந்தது. அந்நாளைய பிரசங்கங்களில் பிரிட்டிஷ் வரிவிதிப்பை 'அடிமைத்தனம்' என்று அழைப்பது வழக்கம். அடிமை வாணிபத்தால் செழித்த நியூபோர்ட் துறைமுகத்தில் போதகராயிருந்த சாமுவேல் ஹாப்கின்ஸ் விடுதலைப் போருக்கு ஆதரவாளர்தாம். எனினும் 1776-இல் ஆப்பிரிக்கரின் அடிமைத்தனத்தைக் கண்டிக்கும் உரையாடல் நூலொன்றை வெளியிட்டு, அதைக் காங்கிரஸ் மன்றத்தாருக்கே உரிமையாக்கினார். விடுதலை கேட்கும் நீங்கள் பிறருடைய விடுதலையைப் பறித்து வைத்திருப்பது எங்ஙனம் என்பதே அவர் தம் தரப்பாரிடம் கேட்டது. பவுச்சரின் துணிவு சிறிதன்று. பகைத்த சபையின் முன் நின்றவர் அவர். ஆயினும் அது எதிர்த்தரப்பாரை நோக்கிய துணிவு. ஹாப்கின்ஸின் துணிவு தம்மவரை நோக்கியது, கிடைத்தற்கரியது அதுவே.

ஆகவே, ரோமர் 13-ஐப் பிரசங்கிக்கப் புகும் இறையியல் மாணவர் 12-ஆம் அதிகாரத்தின் 9-ஆம் வசனத்தில் தொடங்கி 13-இன் 10-ஆம் வசனம்வரை ஒரே பகுதியாக வாசிப்பாராக. பின், தாம் ஆயத்தம் செய்த பிரசங்கம் யாரை நோகச் செய்கிறது என்று கேட்டுப் பார்ப்பாராக. எதிர்த்தரப்பாரை மட்டுமே அது நோகச் செய்யுமாயின், எழுதியதை ஒருபுறம் வைத்துவிட்டு மீண்டும் வேதபாகத்தைத் திறப்பது நலம்.