ராப்பார்டின் கண்டனம்

உருவம் வரையும் ஆற்றல் பிறவியிலேயே அமைவது என்பார் உளர். ஓவியர் வான்கோவின் வாழ்க்கை இக்கூற்றை மறுக்கிறது. 1880இல், தம் 27ஆம் வயதில், ஓவியத் துறையில் இறங்கிய அவர், சார்ல் பார்க் என்பாரின் பயிற்சிப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தே கைபழகினார்.

1885இல் 'உருளைக்கிழங்கு உண்போர்' படத்தின் கல்லச்சுப் படியை நண்பர் ராப்பார்டுக்கு அனுப்பினார். கை குட்டையென்றும், முழங்காலைக் காணோமென்றும், மூக்கில் பாதி இல்லையென்றும் நண்பர் எள்ளி எழுதினார். வான்கோ அம்மடலையே திருப்பியனுப்பினார். நட்பும் நீடிக்கவில்லை.

படத்தை உற்றுநோக்கின் குறைகள் பொய்யல்ல. ஆயினும், திருத்தம் வேண்டாதவரா வான்கோ? இறந்த ஆண்டாகிய 1890இலும், மீண்டும் வரைந்து பழகப் பார்கின் படங்களையே கேட்டுத் தம்பிக்கு எழுதினாரே! அவர் வெறுத்தது திருத்தத்தையன்று, ஏளனத்தையே. சிவப்பு மை ஏந்தும் நாம் இதனை மறவாதிருத்தல் நன்று.