சிலையும் துப்பாக்கியும்

2017ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் மொஸ்கோ நகரிலே மிகைல் கலாஷ்னிக்கோவுக்குச் சிலை திறக்கப்பட்டது. சிலைத் தொகுதியின் உலோகப் பலகையொன்றில் அவர் ஆக்கிய ஆயுதங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. சில நாட்களுள், அவற்றிடையே நாஜிப் படையினரின் எஸ்.ரி.ஜி. 44 துப்பாக்கியின் வரைபடமும் இருந்தமை தெரியவந்தது, அப்பகுதி அறுத்தெடுக்கப்பட்டது. பலரும் நகைத்தனர். ஆனால் அச்சிலையின் பெரும் பிழை இதுவன்று என்பதே நமது கருத்து.

1941இல் பிரியான்ஸ்க் போர்முனையிலே காயமுற்ற சார்ஜன்ட் ஒருவர், மருத்துவமனைக் கட்டிலிற் கிடந்தவாறே உலகப்புகழ் பெற்ற ஆயுதத்தைக் கற்பனை செய்தார் என்ற கதையையே அச்சிலை சொல்கிறது. கதையில் உண்மை இல்லாமலில்லை. எனினும் 1943இல் சோவியத் பொறியியலாளர் ஆக்கிய புதிய தோட்டா இன்றேல் ஏ.கே. 47 இல்லை. பழைய துப்பாக்கித் தோட்டாவிலும் சிறியதாய், கைத்துப்பாக்கித் தோட்டாவிலும் வலியதாய் அமைந்தது அது. அதற்கேற்ற ஆயுதத்தை முதலில் முன்னெடுத்த சுதாயெவ் 1946இல் இறந்தார். 1947இல் கொவ்ரொவ் நகரில், சாய்ட்செவ் என்ற வடிவமைப்பாளரின் வற்புறுத்தலால் துப்பாக்கி ஏறத்தாழ முழுதாகவே மாற்றியமைக்கப்பட்டது. 1949இல் படையினர் அதனை ஏற்ற பின்னரும், தகட்டை அச்சிலழுத்திச் செய்த உடற்கூடுகள் பெருந்தொகையாய்க் கழிக்கப்பட்டன. உருக்குக் கட்டியைக் கடைந்தே செய்யவேண்டியதாயிற்று. தகட்டு முறை 1959இன் ஏ.கே.எம். வடிவிலேதான் கைகூடிற்று. இஷெவ்ஸ்க் தொழிலாளரின் அப்பத்தாண்டு உழைப்புக்குச் சிலையில் இடமில்லை. ஜேர்மன் துப்பாக்கியின் நகலே இது என்போரும் இதே தவற்றையே செய்கின்றனர்: தோற்றம் ஒத்திருப்பினும் இரண்டின் பூட்டுப்பொறியும் வேறு.

பெருமையை ஒருவர் தலையில் ஏற்றினால் பழியும் அங்கேயே ஏறுகிறது. இத்துப்பாக்கியின் சீன வழித்தோன்றலாகிய ரி-56, 2009இல் முடிந்த நம் நாட்டுப் போரிலே அரச படையினர் கையிலும் புலிகள் கையிலும் இருந்தது. அதை ஆக்கவும் வழங்கவும் ஆணையிட்ட அரசுகள் பல. ஆயினும் அம்மரணங்களுக்குத் தானும் பொறுப்பாளியோ என்று 2012இல் ரஷ்யத் திருச்சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதியவர் தொண்ணூறு கடந்த கலாஷ்னிக்கோவ்தான். மறு ஆண்டு அவர் மறைந்தார். தாய்நாட்டைக் காக்கும் ஆயுதமெனின் அதனைச் செய்தோரைத் திருச்சபை ஆதரிக்கும் என்று அதன் பேச்சாளர் கூறினார். முதியவர் கேட்டது அதுவன்று.

மொஸ்கோச் சிலையின் பின்னே, பறவைநாகத்தை ஈட்டியாற் குத்தும் அதிதூதர் மிக்கேலின் உருவையும் வைத்திருக்கிறார்கள்.