தொய்ந்த வார்

வியன்னாவின் ஸ்பானிய குதிரையேற்றப் பள்ளியில், வெண்ணிற லிப்பிசானர் குதிரை நின்ற இடத்திலேயே தாளம் பிசகாமல் கால் மாற்றுகிறது. ‘பியாஃப்’ என்று பெயர். எல்லார் கண்ணும் குதிரையின் காலில். பார்க்க வேண்டியதோ மேலே இருப்பவரின் கை.

அந்தக் கை இழுப்பதில்லை.

1733இல் பிரெஞ்சு ஆசான் லா கெரினியேர் வெளியிட்ட நூல்தான் இப்பள்ளிக்கு இன்றும் அடிப்படை. குதிரை இசைந்து வந்ததும் கையைத் தாழ்த்திக் கடிவாள வாரைத் தளர்த்தச் சொல்கிறார் அவர். பின்னங்கால்கள் வயிற்றுக்கடியில் வந்து எடையைத் தாங்கினால் முன்பக்கம் லேசாகும். வார் தொய்ந்தாலும் நிலை குலையாது. கழுத்தை மட்டும் இழுத்து வளைத்திருந்தாலோ, வாரை விட்டதுமே சாயம் வெளுத்துவிடும்!

அடித்துப் பழக்கிய குதிரையிடம் அழகில்லை என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர் கிரேக்கரான செனபோன். அந்த அழகுக்குப் பொறுமை வேண்டும்: வியன்னாவில் ஒரு குதிரை தேற, சுமார் 6 ஆண்டுகள் ஆகின்றன.