சோற்றுப் பருக்கையும் கோதிக் கோபுரமும்

ஹைதராபாத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எதுவானாலும், ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளுக்குக் காட்டுகிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். சார்மினார், கோல்கொண்டா, சாலார் ஜங். ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் மெதக் சர்ச். நானும் பலமுறை போயிருக்கிறேன். சென்ற மார்கழியில் என் மாமியாரை அழைத்துக்கொண்டு நர்சாபூர் காட்டு வழியாகப் போனபோதுதான், அங்கே எல்லோரிடமும் சொல்லப்படும் ஒரு வாசகம் என்னை உறுத்த ஆரம்பித்தது.

"ஆசியாவிலேயே பெரிசு சார், உலகத்துல வாடிகனுக்கு அடுத்தது" என்பது அந்த வாசகம். சுற்றுலாக் கையேடுகளிலும் அப்படியே அச்சாகியிருக்கிறது. சிலவற்றில் ஆலயம் என்பதற்குப் பதில் 'திருமண்டலம்' என்று போட்டிருப்பார்கள். அது இன்னும் வேடிக்கை. வாடிகன் அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லாத குட்டி நாடு. அதற்கு அடுத்த பெரிசு என்றால் என்ன அர்த்தம்?

என் மகள் அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். மெதக் ஆலயம் 200 அடி நீளம், 100 அடி அகலம், கோபுரம் 175 அடி. பழைய கோவாவிலுள்ள செ கதீட்ரல் சுமார் 250 அடி நீளம், 181 அடி அகலம். ரோமிலுள்ள புனித பேதுரு பேராலயத்தின் உட்புற நீளம் மட்டுமே 600 அடிக்கு மேல். "இந்தியாவுலயே முதல் இல்லையேப்பா, அப்புறம் ஆசியா எப்படி?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

இதைச் சொல்லி யாரையும் கேலி செய்ய நான் வரவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று நாம் மட்டும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லவில்லையா? நிழல் தாராளமாக விழுகிறது, போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பொய்ப் பெருமையால் வரும் நஷ்டம் வேறு. உண்மையான பெருமை அதன் அடியில் புதைந்துபோகிறது. மெதக்கில் அதுதான் நடந்திருக்கிறது.

இந்த ஆலயம் ஒரு பஞ்சத்தில் பிறந்தது. சார்லஸ் வாக்கர் பாஸ்நெட் என்ற மெதடிஸ்ட் போதகர் 1895இல் இந்தியா வந்து, முதலில் சிகந்தராபாத் பக்கம் பட்டாளத்துக்காரர்களிடையே பணி செய்துவிட்டு, பிறகு மெதக்குக்குப் போனவர். முதல் உலகப் போர்க் காலத்தில் அந்த வட்டாரத்தைப் பஞ்சம் பிடித்தபோது, பட்டினி கிடந்தவர்களுக்கு ஆலயம் கட்டும் வேலையைக் கொடுத்து, அதற்குச் சோறு போட்டார். கல் உள்ளூர்க் கருங்கல். வரைபடம் இங்கிலாந்திலிருந்து, தரை ஓடுகளும் அங்கிருந்தே. 1924 டிசம்பர் 25 அன்று பிரதிஷ்டை ஆயிற்று. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெதக் திருமண்டலத்தின் பேராலயமானது. 2024இல் நூறாண்டு நிறைந்தது.

பஞ்ச வேலை நமக்கும் புதிதல்ல. தாது வருஷப் பஞ்சத்தை (1876–78) எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சென்னை நகருக்குள் ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். அப்போது சர் ரிச்சர்ட் டெம்பிள் ஓர் ஆளுக்கு நாள் கூலியை ஒரு பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் காசு என்று குறைத்தார். மண் வெட்டுகிறவனுக்கு அது போதாது என்று சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். லக்னோவின் பெரிய இமாம்பாடாவும் 1784இல் பஞ்ச நிவாரணமாகத் தொடங்கிய கட்டடமே. ஆகவே மெதக்கை இந்த வரிசையில் வைத்துப் படிக்க வேண்டுமே தவிர, வாடிகன் வரிசையில் அல்ல.

ஆனால் இங்கேதான் எனக்கு வழக்கமான இரண்டு பேச்சோடும் மனத்தாங்கல். ஒரு பக்கம், 'சோற்றுக்காக மதம் மாறினவர்கள்' என்ற ஏளனம். இன்னொரு பக்கம், 'துரை எல்லாருக்கும் சோறு போட்டார்' என்ற துதி. இரண்டும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றன. கருங்கல்லை உடைத்து, செதுக்கி, 175 அடி உயரத்துக்கு ஏற்றினவர்களை இரண்டு பேச்சுமே கையேந்தி நின்றவர்கள் ஆக்கிவிடுகிறது. அவர்கள் வாங்கின சோறு கூலி. அதுவும் பஞ்சகாலக் கூலி. மதம் மாறினதும் அவ்வளவு எளிமையான சங்கதி இல்லை. மெதக் வட்டாரக் கிராமங்களை ஆராய்ந்து லூக், கார்மன் இருவரும் 1968இல் வெளியிட்ட நூலைப் படித்தால், ஜெபமும் ஊர்த் தேவதைத் திருவிழாவும் ஒரே வீட்டில் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தன என்று தெரியும்.

அந்தக் கல்தச்சர்களில் ஒருவர் பெயராவது தட்டுப்படுமா என்று சுற்றிச் சுற்றித் தேடினேன். என் கண்ணில் படவில்லை. வழிகாட்டியைக் கேட்டேன். "அதெல்லாம் யாருக்குத் தெரியும் சார்" என்றார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ராஜராஜன் கோயிலில் குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சன் பெயர் கல்லில் இருக்கிறது. நானூறு தளிச்சேரிப் பெண்டுகள் பெயரும் வீடும் முறையாக எழுதப்பட்டிருக்கிறது. நேற்றுக் கட்டின மெதக்கில், அச்சும் காகிதமும் வந்த பிறகு, பெயர் இல்லை. நூற்றாண்டு விழாவை ஒட்டியாவது ஒரு கல் நாட்டியிருக்கலாம்.

கண்ணாடிச் சாளரங்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். மூன்றும் ஃப்ராங்க் சாலிஸ்பரி என்ற ஆங்கில ஓவியர் வரைந்தவை: விண்ணேற்றம் 1927, பிறப்பு 1947, சிலுவை 1958. அழகுக்குக் குறைவில்லை. பகல் வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்தால்தான் உருவம் எழும்.

மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், "மெதக்குன்னா என்னங்க மாப்பிள்ளை?" என்றார். 'மெதுகு' என்றால் தெலுங்கில் சோற்றுப் பருக்கை; ஊரின் பழம்பெயரே மெதுகு துர்க்கம், மெதுகு சீமை என்றேன். "சோத்துப் பேரு வெச்ச ஊர்லயா பஞ்சம்?" என்றார்.

பிறகு கோட்டைக்கு ஏறினோம். மாமியார் பாதி வழியில் நின்றுவிட்டார். காகதீயர் காலக் கோட்டை. பின்னால் குதுப் ஷாகிகள் கட்டின மசூதியும் தானியக் கிடங்குகளும் உள்ளே இருக்கின்றன. கிடங்குகள் இப்போது காலி. மேலே நின்றால் அந்த வெண்சாம்பல் கோபுரம் தெரிகிறது.

போகிற அன்பர்கள் பொழுது சாய்வதற்குள் ஆலயத்தைப் பார்த்துவிடுங்கள், இருட்டினால் சாளரங்களில் ஒன்றும் தெரியாது. கையில் புளியோதரை கட்டிக்கொண்டால் போச்சாரம் ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். குரங்குகள் ஜாஸ்தி, பாத்திரத்தை மூடியே வையுங்கள்.