ஊசி தீட்டாத முகங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் வசதி படைத்த இல்லத்துப் பெண்களும் பள்ளிச் சிறுமியரும் பட்டுத்துணியில் தைத்த படங்கள், இன்று அருங்காட்சியகங்களிலும் ஏலக்கூடங்களிலும் காணக்கிடைக்கின்றன. விவிலியக் காட்சிகளோடு ஷேக்ஸ்பியரின் நாடகக் காட்சிகளும் அவற்றுள் உண்டு. இவை வெறும் நகல்கள் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. அத்தீர்ப்பு பாதி உண்மையே.

நகல் என்பது மெய். 1789-இல் ஜான் பாய்டல் இலண்டனின் பால்மால் தெருவில் ஷேக்ஸ்பியர் ஓவியக்கூடத்தைத் திறந்தார். நாடகக் காட்சிகளை ஓவியர்களைக் கொண்டு தீட்டுவித்து, அவற்றை அச்சுப்படங்களாக விற்பது அவர் திட்டம். அங்கெலிக்கா கௌஃப்மன் போன்றோரின் ஓவியங்கள் அச்சுப்படங்களின் வழியே இல்லங்களை அடைந்தன. அங்கிருந்து பட்டில் ஏறின.

இனித்தான் வியப்பு. முகம், கை, வானம் ஆகியவற்றைப் பெரும்பாலும் ஊசி தொடவில்லை. அவை நீர்வண்ணத்தால் தீட்டப்பட்டன. அதற்கெனக் கூலிக்கு ஓவியரை அமர்த்துவதும் உண்டு. நாடகத்தின் உயிர் முகத்தில் அன்றோ இருக்கிறது? தைத்தவளுக்கு எஞ்சியவை ஆடையும் மரமும் புல்தரையுமே. ஆயினும் அச்சுப்படம் சொல்லித்தராத ஒன்றை அவளே முடிவு செய்ய வேண்டியிருந்தது: இழையின் திசை. ஆடை மடியும் போக்கிலேயே தையலும் செல்லும்போது, பட்டின் மீது ஒளி வழுக்கி, அந்த உடல் குனிவதும் தயங்குவதும் நமக்குப் புலனாகின்றன. மரங்களுக்குச் 'செனில்' நூல் பயன்பட்டது. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குக் கம்பளிப்பூச்சி என்று பொருள். பெயருக்கேற்ற மயிரடர்ந்த நூல். சில படங்களில் கதைமாந்தரைவிடக் காடே நன்றாக நடிக்கிறது! கைத்திறன் குன்றிய படங்களிலோ, பாத்திரம் வேறொருவரின் தலையைச் சுமந்து நிற்பதுபோல் தோன்றுகிறது.

இத்தனை மணிநேர உழைப்பு தகுமா என்ற கேள்வியை அக்காலத்திலேயே எழுப்பியவர் மேரி லாம். ஊசியும் ஷேக்ஸ்பியரும் ஒருங்கே அறிந்தவர் அவர். 1807-இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் கதைகளில் இருபதில் பதினான்கு அவர் எழுதியவை. ஆனால் முதற்பதிப்பின் தலைப்புப் பக்கத்தில் தம்பி சார்லஸின் பெயர் மட்டுமே இருந்தது. இளமையில் பதினோர் ஆண்டுகள் தையலால் பிழைத்தவர். 1815-இல் புனைபெயரில் எழுதிய கட்டுரையில், ஊசி வேலையும் அறிவு வளர்ச்சியும் ஒன்றுக்கொன்று பகை என்றார். பொருளீட்டத் தேவையில்லாத பெண்கள் அவ்வேலையை அதனால் பிழைப்போருக்கு விட்டுவிட வேண்டும் என்றும் வாதிட்டார். கூலியின்றிக் கண்களைத் தேய்த்த தலைமுறைகளை நினைத்தால், அவ்வாதத்தை என்னால் மறுக்க இயலவில்லை. ஆனால் இப்படங்களைப் பொறுத்தவரை அவர் சொன்ன பகை முழுமையானதன்று. ஒரு காட்சியை மாதக்கணக்கில் மடியில் வைத்திருந்தவள் அதை வாசிக்காமலா இருந்திருப்பாள்?

சில படங்களில், சட்டத்தினுள் உள்ள கறுப்புக் கண்ணாடி விளிம்பில், தைத்தவளின் பெயர் பொன்னெழுத்தில் உள்ளது. முகம் தீட்டியவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை.