சேறும் உவமையும்

பிரசங்கியிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொருளையும் அவர் அதுவாக இருக்க விடமாட்டார். தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் அது ஆவிக்குரிய வறட்சி. ராசிபுரம் பஸ் பாதிவழியில் நின்றுவிட்டால் பொறுமைக்கு ஒரு பாடம். குழந்தை இருட்டில் அப்பாவின் கையைப் பிடித்தால் விசுவாசம். பார்த்த மாத்திரத்தில் பொருள் கரைந்துவிடுகிறது. கையில் மிஞ்சுவது பாடம் மட்டும். இந்தப் பாடங்களைத் தொகுத்துத் தினத்துக்கு ஒரு பக்கமாகப் போட்டுத் தரும் தியானப் புத்தகங்கள் தமிழில் கணக்கில்லாமல் வருகின்றன. கிறிஸ்தவ வாசகன் அதிகம் படிப்பது இவற்றைத்தான். நமது விமர்சகர்கள் இவற்றைத் தொடுவதில்லை. தொட்டால் தீட்டு என்பது போல ஒரு நாசூக்கு. கதாகாலட்சேபக்காரரும் காந்தியவாதியும் முற்போக்குச் சிறுகதைக்காரரும் இதே காரியத்தை வேறு வேறு பாடங்களுக்காகச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதால், இது ஒரு மதத்தாரின் தனிப்பட்ட வியாதி அல்ல. உவமை என்ற விஷயத்தையே நாம் என்னவாக வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இத்தனைக்கும் இந்தப் பழக்கத்துக்கு மூலமாகக் காட்டப்படும் சுவிசேஷ உவமைகள் இப்படி நடந்துகொள்வதில்லை. விதைக்கிறவன் விதைக்கப் போகிறான். வழியருகே சில, கற்பாறையில் சில, முள்ளுக்குள் சில, நல்ல நிலத்தில் சில. கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. மாற்கு நான்காம் அதிகாரத்தில் அதற்குப் பின்னால் வரும் பதவுரை, இது இன்னது, அது இன்னார் என்ற அட்டவணை, ஆதிச் சபை பின்னால் சேர்த்தது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியர் அடால்ஃப் யூலிஷர், உவமையையும் உருவகக் கதையையும் பிரித்துக் காட்டினார். 1935-ல் சி. எச். டாட் எழுதிய புத்தகம் அதை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுபோனது. உவமை அன்றாட வாழ்க்கையிலிருந்து எடுக்கப்படுகிறது, ஆனால் அதன் பிரயோகம் என்ன என்பதில் கேட்பவனுக்குக் கொஞ்சம் சந்தேகத்தை மிச்சம் வைக்கிறது, அந்தச் சந்தேகமே அவனை யோசிக்க வைக்கிறது என்பது டாட் சொன்னதன் சாரம். பிரசங்கி முதலில் பறித்துக்கொள்வது இந்தச் சந்தேகத்தைத்தான்.

நம்மிடமும் இதற்கு ஒரு இலக்கணம் இருந்தது. தொல்காப்பியம் உள்ளுறையைக் கருப்பொருளின் மேல் நிறுத்துகிறது. எருமை, தாமரை, குரங்கு, பலாப்பழம் எல்லாம் வரலாம். கருப்பொருளில் ஒன்றான தெய்வத்தை மட்டும் விலக்கிவிடச் சொல்கிறது. உரைகாரர்கள் இதற்கு என்ன காரணம் சொன்னாலும் சரி, எனக்கு இது ஒரு அபாரமான ஜாக்கிரதையாகப் படுகிறது. மருதத்தில் எருமை தாமரையை மேய்ந்தால் அது தலைவனின் ஒழுக்கத்தைச் சுட்டும். ஆனாலும் எருமை கடைசிவரை எருமையாகவே வயிற்றை நிரப்பிக்கொள்கிறது. தெய்வம் உள்ளே வந்துவிட்டால் எருமைக்கு இடம் இருக்காது. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) வேறு ஜாதி. பனியனைப் பின்பற்றி உருவகம் என்று முகத்திலேயே எழுதி ஒட்டிக்கொண்டு வருவதால் அதில் ஏமாற்று இல்லை.

இந்த விவகாரத்தை வைத்துப் பார்க்க, சர்வதேசப் பிரசித்தி பெற்ற ஒரு கிறிஸ்தவ எழுத்தாளர் நமது ஜில்லாவிலேயே பிறந்திருக்கிறார். நமது இலக்கிய வட்டங்களில் அவர் பேர் அடிபட்டு நான் கேட்டதில்லை. கொல்லிமலையின் பாவையை நாம் எடுத்துக்கொண்டோம். ஓரியின் வில்லை எடுத்துக்கொண்டோம். ஒரு சிறுபத்திரிகைக்குப் பெயரும் வைத்துக்கொண்டோம். மலையை அங்கேயே விட்டுவிட்டோம். 1623-ல் ராபர்ட் தெ நொபிலி அடிவாரத்துச் சேந்தமங்கலம் வந்தார். அதற்கு ஏறக்குறைய முந்நூறு வருஷம் கழித்து, ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவ்லினும் மலைமேலேயே குடியேறினார்கள். அவர்கள் மகன் பால் பிராண்ட் 1914 ஜூலை 17-ல் அங்கே பிறந்தார். அன்று அது வேறு ஜில்லா. 1997-லிருந்து நாமக்கல் மாவட்டம். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1929-ல் தந்தை கருநீர்க் காய்ச்சலில் இறந்த செய்தி தந்தியில் வந்தது. தந்தை எழுதிய கடைசிக் கடிதம் கப்பலில் அதற்குப் பின் வந்துசேர்ந்தது. பையன் முதலில் கட்டட வேலையும் தச்சும் படித்தான், பிறகுதான் மருத்துவம். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண்களை இடம் மாற்றிக் கட்டும் அறுவை சிகிச்சையை உருவாக்கினார். 1966-ல் அமெரிக்காவில் கார்வில் போனார். 2003-ல் இறந்தார்.

எழுத்தாளராக அவரை உலகம் அறிவது பத்திரிகையாளர் பிலிப் யான்ஸியோடு சேர்ந்து எழுதிய மூன்று புத்தகங்களால்: 'ஃபியர்ஃபுல்லி அண்ட் வொண்டர்ஃபுல்லி மேட்' (1980), 'இன் ஹிஸ் இமேஜ்' (1984), 'பெயின்: த கிஃப்ட் நோபடி வான்ட்ஸ்' (1993). மனித உடம்பின் செல், எலும்பு, தோல், இரத்தம் இவை ஒவ்வொன்றிலும் விசுவாசத்துக்கு ஒரு பாடம் காண்பது முதல் இரண்டின் காரியம். சபை கிறிஸ்துவின் சரீரம் என்ற பவுலின் உருவகத்தை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்க்கிறார்கள் என்று சொல்லலாம்.

பிராண்டின் உண்மையான கண்டுபிடிப்பை முதலில் சொல்ல வேண்டும். 1947-ல் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். கை நொறுங்குகிற மாதிரி வலித்தது. நோயாளிக்குத் தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியவில்லை. செத்துவிட்டதாக எல்லோரும் நினைத்த கையில் அவ்வளவு பலம் பாக்கி இருந்தது. விரல்கள் அழுகி விழுவதில்லை என்பதை அவரும் அவரது சகாக்களும் ஒவ்வொரு புண்ணாகத் தடம்பிடித்து நிரூபித்தார்கள். துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருகும்போது சதை எலும்புவரை கிழிகிறது, அடுப்பில் சுடுகிறது, ராத்திரி தூங்கும்போது எலி கடித்துவிட்டுப் போகிறது. வலி இல்லாததால் தெரிவதில்லை. அதனால்தான் விரல் தேய்கிறது. எலிக்கு மருந்து பூனை. சிகிச்சை முடிந்து போகிறவர்களுக்குப் பூனை கொடுத்தனுப்பினார்கள்.

இதன் இலக்கியப் பெறுமதியை நாம் உணரவேண்டும். தமிழ்ப் பிரசங்க மேடையில் 'குஷ்டரோகம்' பாவத்துக்கு உவமையாகவே காலம் தள்ளியிருக்கிறது. உள்ளிருந்து அழுகுவது, பரவுவது, தள்ளிவைக்க வேண்டியது. எபிரேய வேதம் சொல்லும் தோல்நோய் இன்றைய தொழுநோய்தான் என்பதற்கே ஆதாரம் போதாது. ஆனாலும் மொழிபெயர்ப்பில் அந்த வார்த்தை விழுந்தது, உயிருள்ள மனிதர்களின் தலையில் விழுந்தது. சூசன் சாண்டாக் 1978-ல் நோயை உருவகமாக்குவதற்கு எதிராக எழுதினார். புற்றுநோயும் காசநோயும் அவருடைய விஷயம். அவருக்கு முப்பது வருஷம் முன்பே ஒரு அறுவை வைத்தியர் வேலூரில் கத்தியாலும் பூனையாலும் ஒரு உருவகத்தைக் கொன்றிருக்கிறார். அழுகல் என்ற உவமை போய், பூட்டு, சாவி, அடுப்பு, எலி என்று ஸ்தூலமான சாமான்கள் வந்தன. வசனத்தில் ஒரு நல்ல எழுத்தாளன் செய்ய ஆசைப்படுகிற காரியம் இது.

ஆனால் அதே பிராண்ட் புத்தகத்தில் என்ன செய்கிறார்? வலியை உணராத கை, சக அங்கத்தின் துயரை உணராத சபைக்கு உவமையாகிறது. அழுகல் பாவமாக இருந்த இடத்தில் இப்போது மரத்துப்போதல் பாவம். உவமை நயமானதுதான், உள்நோக்கமும் கருணைதான். ஆனாலும் சாவியைத் திருகிய பையன் மறுபடியும் வேறொன்றைச் சொல்வதற்கான சாதனமாகிவிடுகிறான். வைத்தியர் அவனிடமிருந்து எடுத்துப்போட்ட சுமையைப் பிரசங்கி பின்வாசல் வழியாக அவன் தலையில் வைக்கிறார். இதை யான்ஸியின் கைவேலை என்று தள்ளிவிடத் தோன்றும். அது சரியல்ல. வேலூரில் பிராண்ட் ஆற்றிய பிரசங்கங்கள்தான் இந்தப் புத்தகங்களுக்கு விதை.

உவமை எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது என்பதற்கு என் கவுண்டரிலிருந்தே ஒன்று சொல்கிறேன். நான் வேலை பார்க்கும் கிளைக்கு ஒரு முதியவர் உதவித்தொகைக்காக வருவார். விரல்கள் முதல் கணுவோடு நின்றுவிட்டவை. கைரேகை மெஷின் அவரை ஏற்றுக்கொள்ளாது. விரல் இல்லாவிட்டால் கால் பெருவிரல் ரேகை வைத்து இரண்டு சாட்சிகளோடு பணம் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆதாருக்குக் கண்பாவையும் போதும். இருந்தும் அவரை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். டீ நேரத்தில் ஒரு சக ஊழியர், நல்ல மனிதர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், சொன்னார்: "பாருங்க சார், மனுஷன் கையில ரேகை அழிஞ்சாலும் தேவன் தன் உள்ளங்கையில அவன் பேரை வரைஞ்சு வச்சிருக்கார்." ஏசாயாவின் படிமம், சரியான இடத்தில் பொருத்தமாக வந்து உட்கார்ந்தது. கேட்டவர்கள் நெகிழ்ந்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு வேண்டியிருந்தது 1200 ரூபாய்.

நெகிழ்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. அது காரியம் முடிந்துவிட்டது போன்ற ஒரு நிறைவைத் தருகிறது, அதுதான் ஆபத்து.

1993 புத்தகத்தில் பிராண்ட் தன் உவமைகளையே மிஞ்சிவிடும் இடம் ஒன்று உண்டு. கார்வில்லில் செயற்கை வலி ஒன்றைச் செய்ய வருஷக்கணக்கில் முயன்றார்கள். கையுறையில் அழுத்தம் அறியும் கருவி, அபாயம் வந்தால் காதில் ஒரு சத்தம். நோயாளிகள் சத்தத்தை லட்சியம் செய்யவில்லை. பிறகு, உணர்ச்சி மிச்சமிருக்கும் அக்குளில் மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். இறுக்கமான வேலை வரும்போது நோயாளி சுவிட்சை அணைத்துவிட்டு, வேலையை முடித்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார். திட்டம் கைவிடப்பட்டது. வலி நமது அதிகாரத்துக்கு வெளியே இருந்தால்தான் வலி என்று பிராண்ட் தெரிந்துகொள்கிறார். இங்கே பாடம் முன்கூட்டித் தயாராக இல்லை. பணமும் உழைப்பும் வீணான பிறகு வேண்டாவெறுப்பாக வருகிறது. இந்தப் பக்கங்களில் கடவுள் பேச்சு குறைவு. அதனாலேயே விசுவாசி எழுதியது என்பது தெரிகிறது என்று எனக்குப் படுகிறது. வலி ஒரு கொடை என்று அவர் சொல்வதைக் காலையில் மூட்டுவாதத்தோடு எழுந்திருக்கும் ஒருவரிடம் படித்துக்காட்ட எனக்குத் தைரியம் வராது. ஆனால் சுவிட்சின் கதையைப் படித்துக்காட்டலாம்.

இன்னொன்று, எண்பதுகளில் எழுதிய சின்னக் கட்டுரை. 'ஒரு கைப்பிடிச் சேறு' என்று அதன் தலைப்பைச் சொல்லலாம். இடம் மலை, அவரது பால்யம். ஓடையை ஒட்டிப் படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள். ஒரு படியின் தண்ணீர் சிறு அணையைத் தாண்டி அடுத்த படிக்கு இறங்கும். பையன்கள் வயலில் இறங்கித் தவளை பிடிக்கிறார்கள். சேறு கலங்கித் தண்ணீரோடு கீழே போகிறது. அணைகளைக் கவனித்துக்கொள்ளும் தாத்தா ஒருவர் வருகிறார். அடிப்பதில்லை. ஒரு கை சேற்றை அள்ளி இது என்ன என்று கேட்கிறார், யாருடையது என்று கேட்கிறார். கீழே போகும் கலங்கலைக் காட்டி, இது திரும்பி மேலே ஏறி வருமா என்று கேட்கிறார். அவ்வளவுதான். அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டதும், பையன்களின் பிள்ளைகளுக்குப் போட வேண்டியதும் அந்தச் சேறு. மண்ணைக் காப்பாற்றுவதில் தன்னால் ஏதாவது செய்ய முடியும் என்றால் வைத்தியத்தையே விட்டுவிடத் தயார் என்று பிராண்ட் அந்தக் கட்டுரையில் சொல்கிறார். ஆயிரக்கணக்கான கைகளைத் திறந்துவைத்த மனிதர் சொல்வது இது.

தாத்தா நடத்துவதும் பாடம்தான், மறுக்க முடியாது. ஆனால் சேற்றின் பாடம் சேற்றைப் பற்றியது. ஆத்துமா கலங்குவதற்கோ கிருபை ஒழுகிப்போவதற்கோ அது உவமையாக நிற்பதில்லை. அப்படி ஆக்கியிருந்தால் மண் போவதைப் பற்றி யாருக்கும் கவலை இருந்திருக்காது. சிருஷ்டியைக் காக்கும் பொறுப்பு மனிதனுக்குத் தரப்பட்டிருக்கிறது என்ற கிறிஸ்தவ நம்பிக்கை அந்தக் கட்டுரையில் இருக்கிறது. ஆனால் சேற்றை ஓரமாகத் தள்ளி அதன் இடத்தில் வந்து உட்காரவில்லை. தொல்காப்பியம் விலக்கிய தெய்வம், விலகியே நின்றுகொண்டு, எல்லாவற்றையும் பாதிக்கிறது. மூன்று புத்தகங்களையும் விட இந்தச் சில பக்கங்களைப் பெரிதாக மதிக்கிறேன். பிராண்டின் பக்தர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

ஒரு சங்கடம் பாக்கி இருக்கிறது. தாத்தா பேசியது தமிழ், கொல்லிமலைத் தமிழ். பிராண்டும் சின்ன வயதில் பேசியது அதுவே. எழுதிவைத்திருப்பது ஆங்கிலம். அள்ளிய கையில் இருந்ததை அந்தக் கிழவர் சேறு என்றாரா, வண்டல் என்றாரா, வெறுமனே மண் என்றாரா? ஆங்கிலத்திலிருந்து அது தெரிவதில்லை. இதைத் தமிழாக்க உட்காருகிறவர் மேஜையிலிருந்து எழுந்து, சேந்தமங்கலம் வழியாக, எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறிப்போய், வயலில் நிற்கிற யாரிடமாவது கேட்டுவிட்டு வரவேண்டியிருக்கும்.